அலை பாடும் தரங்கம்பாடி!

திருக்கடையூருக்குப் போகாத குடும்பம் உண்டா? அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றால் உடனே நினைவுக்கு வருவது அந்த ஊர்தான்.

வேன் பிடித்து வருகிறார்கள். மாலை மாற்றுகிறார்கள். அபிராமி அம்மனைக் கும்பிடுகிறார்கள். விருந்து சாப்பிடுகிறார்கள். அன்று மாலையே வேனைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

அங்கிருந்து தென்கிழக்கே, கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னக் கடற்கரை ஊர் இருக்கிறது. 700 ஆண்டுக் கோவில், 400 ஆண்டுக் கோட்டை, 300 ஆண்டுக்கு முன் நடந்த அச்சுக்கூடத்தின் கதை, இன்றைக்கும் கடலுக்குப் போகும் மீனவர் வாழ்க்கை – இத்தனையும் அங்கே இருக்கின்றன. எல்லாவற்றையும் காலால் நடந்தே பார்த்துவிடலாம். ஒரு நாள் போதும்.

அந்த ஊர்தான் தரங்கம்பாடி!

புறப்பட்டோம்

தை மாதத்தில் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்குத் திருக்கடையூரில் மணிவிழா நடந்தது. நான், மனைவி, நாலாம் வகுப்பில் படிக்கும் மகள், 79 வதான என் அம்மா – நாலு பேரும் போயிருந்தோம். இரவு அங்கேயே தங்கினோம்.

"நாளைக்குத் தரங்கம்பாடி போய்ப் பார்த்துவிட்டுப் போகலாம்" என்றேன்.

"கடலைப் பார்க்கவா? கடல் எல்லா ஊரிலும் ஒரே கடல்தானேப்பா" என்றார் அம்மா.

"அங்கே எழுத்துக் கதை ஒன்று இருக்கிறது, அம்மா. உங்களுக்குப் பிடிக்கும்" என்றேன்.

அம்மா உடனே சம்மதித்துவிட்டார். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கே இருக்கிறது?

தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. வடக்கே பூம்புகார், தெற்கே காரைக்கால். இரண்டுக்கும் நடுவில் இந்த ஊர். மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பஸ் வசதி உண்டு.

ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து ரெயிலும் ஓடியது. 1926-ம் ஆண்டு தொடங்கிய அந்தப் பாதை 1980-களில் நின்றுபோய்விட்டது.

"தரங்கம்" என்றால் அலை. "பாடி" என்றால் ஊர். அலை வந்து மோதும் ஊர் என்று பொருள் சொல்லலாம். "அலை பாடும் ஊர்" என்று சொல்வோரும் உண்டு. கரையில் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். இரண்டாவது பொருளும் சரிதான் என்று தோன்றும்!

விடியற்காலையில் போங்கள்

இந்த ஊரைப் பார்க்க வேண்டுமானால் பொழுது விடியும் முன்பே கரைக்குப் போய்விட வேண்டும். நாங்கள் ஐந்தரை மணிக்கெல்லாம் போய்விட்டோம்.

முதலில் கடலும் வானமும் ஒரே கறுப்பாக இருந்தன. பிறகு கிழக்கே ஒரு கோடு வெளுத்தது. அப்புறம் சிவந்தது. கடலுக்குள்ளிருந்து யாரோ குடத்தைத் தூக்குவதுபோல் சூரியன் மேலே வந்தது.

"அப்பத்தா! சூரியன் நனைந்தே இல்லையே!" என்றாள் என் மகள். அம்மா சிரித்துவிட்டார்.

இரவு கடலுக்குப் போன படகுகள் அந்த நேரத்தில்தான் கரைக்கு வருகின்றன. இப்போது பெரும்பாலும் பைபர் படகுகள். படகு கரை தட்டியதும் ஆண்கள் வலையை உதறுகிறார்கள். பெண்கள் கூடையோடு காத்திருக்கிறார்கள். மீன் மணலில் குவிகிறது. ஏலம் தொடங்குகிறது.

சங்கரா, வாளை, நெத்திலி, மத்தி என்று வகை வகையாக மீன்கள். ஏலம் கூறுகிறவர் வாயைத் திறந்தால் விலை மளமளவென்று ஏறுகிறது. பட்டணத்துக்காரனுக்கு ஒன்றும் புரிவதில்லை. அங்கே நிற்கும் பெண்களுக்கோ ஒரு வார்த்தைகூடத் தப்புவதில்லை.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இன்றைக்குப் பாடு எப்படி, ஐயா?"

"வாடைக் காற்று, தம்பி. கடல் கொஞ்சம் முரண்டுது. கிடைத்தவரை லாபம்" என்றார்.

வடக்கிலிருந்து வீசினால் வாடை. தெற்கிலிருந்து வீசினால் சோழகம். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். மேற்கிலிருந்து வந்தால் கச்சான். நமக்கு எல்லாம் காற்று. அவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு குணம்! பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பள்ளிப் புத்தகத்தில் கிடைக்காத பாடம் இது.

ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனம் பெருகுவதற்காக, இந்தக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 61 நாட்கள். அந்த நாட்களில் மீன் வரத்து குறைந்துவிடும்.

கடல் கொண்ட கோவில்

கரையோரமாகவே நடந்தால் மாசிலாமணி நாதர் கோவில் வருகிறது. சிவன் கோவில். பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தைச் சேர்ந்தது. சுமார் 700 ஆண்டுகள் ஆகின்றன.

அந்தக் காலக் கல்வெட்டில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். குலசேகரன்பட்டினம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பட்டினம் என்றால் கப்பல் வரும் துறை. ஆக, வெள்ளைக்காரர்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இது வியாபாரத் துறைமுகம்!

கட்டியபோது கோவிலுக்கும் கடலுக்கும் நடுவே நிலம் இருந்தது. கடல் ஆண்டுக்குக் கொஞ்சமாகக் கரையைத் தின்றது. கடைசியில் கோவிலையே தொட்டது. பழைய கோவிலின் பெரும் பகுதியை அலை கொண்டுபோய்விட்டது.

இப்போது கரையில் பெரிய பெரிய கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். மிஞ்சியதைக் காப்பாற்றிப் பூசை நடக்க வழி செய்திருக்கிறார்கள்.

பாறைமேல் அலை மோதும் சத்தம் கோவிலுக்குள் கேட்கிறது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். வெளியே வந்ததும், "இந்தச் சாமிக்கு எத்தனை பொறுமை!" என்றார்.

கடலோரக் கோட்டை

அங்கிருந்து பார்த்தாலே மஞ்சளும் சிவப்புமாக ஒரு கட்டிடம் தெரியும். அதுதான் டேன்ஸ்பர்க் கோட்டை.

கட்டியவர்கள் இங்கிலீஷ்காரர்கள் அல்ல. பிரெஞ்சுக்காரர்களும் அல்ல. வடக்கு ஐரோப்பாவில் உள்ள டென்மார்க் என்ற சிறிய நாட்டைச் சேர்ந்தவர்கள்.

அவர்கள் எப்படி இங்கே வந்தார்கள்? அது ஒரு கதை.

மிளகும் மற்ற வாசனைச் சரக்கும் வாங்குவதற்காக, 1618-ம் ஆண்டு டென்மார்க்கிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. தளபதியின் பெயர் ஓவே கெத்தே. அவர்கள் முதலில் நினைத்தது இலங்கையை. அங்கே எண்ணம் பலிக்கவில்லை. பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பினார்கள்.

அப்போது தஞ்சையை ஆண்டவர் ரகுநாத நாயக்கர். 1620-ம் ஆண்டு நவம்பர் மாதம் உடன்படிக்கை ஆயிற்று. டென்மார்க்காரர்கள் இங்கே கோட்டை கட்டிக்கொள்ளலாம், வியாபாரம் செய்யலாம் என்று நாயக்கர் அனுமதி கொடுத்தார்.

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் ஒரு கடிதமும் அனுப்பினார். அதைக் காகிதத்தில் எழுதவில்லை. பனை ஓலையிலும் எழுதவில்லை. தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பினார்! அந்தத் தங்க ஓலை டென்மார்க்கில் ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

கோட்டையின் கீழ்த் தளத்தில் சரக்கு அறைகள், சமையல் அறை, சிறை. மேல் மாடியில் கவர்னர், பாதிரியார், வியாபாரிகள் குடியிருந்தார்கள். மாடியில் நின்றால் கடல் முழுவதும் தெரிகிறது. வருகிற கப்பல் நண்பனுடையதா, பகைவனுடையதா என்று பார்ப்பதற்கு ஏற்ற இடம்தான்!

இப்போது கோட்டை தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே காட்சிசாலை உண்டு. பீங்கான் ஜாடிகள், கண்ணாடிப் பொருள்கள், வாள்கள், ஈட்டிகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளையும் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள்.

அம்மா படித்த பலகை

கோட்டையில் ஓர் அறிவிப்புப் பலகை. அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வாய்விட்டுப் படித்தார்.

என் மகள் பக்கத்தில் வந்தாள். "பாப்பா, நீ படி பார்ப்போம்" என்றார் அம்மா.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத் தமிழ் அவ்வளவாக வராது அப்பத்தா. இங்கிலீஷில்தான் படிப்பேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. தவறு குழந்தையுடையதா? வீட்டில் தமிழ்ப் புத்தகம் வாங்கிக் கொடுக்காத என்னுடையது அல்லவா!

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கும்தான் வராமல் இருந்தது. வா, உட்கார்" என்று மதில் நிழலில் உட்கார்ந்தார்.

அன்றுதான் என் மகளுக்கு அந்தக் கதை தெரிந்தது. என் அம்மா பள்ளிக்கூடமே போகாதவர். புதுக்கோட்டைப் பக்கம் கிராமம். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பெற்று, நாற்பத்தைந்து வயது வரையில் எங்கே போனாலும் கைநாட்டுத்தான். பஸ்ஸில் ஏற வேண்டுமானால், "இது எந்த ஊர் போகும்?" என்று யாரையாவது கேட்க வேண்டும்.

1991-ம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. வயல் வேலை முடிந்து, இரவில் விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள். என் அம்மாவும் போனார். முதன் முதலில் தன் பெயரைத் தானே எழுதியபோது அழுதுவிட்டாராம்.

"அப்பத்தாவுக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்டாள் மகள்.

"கைநாட்டு வைத்தபோதுதான் வெட்கமாக இருந்தது. படிக்கப் போனபோது இல்லை" என்றார் அம்மா.

"உங்களைப்போலவே பெரிய வயதில் மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்த ஒருவர் இந்த ஊரில் இருந்தார், அம்மா" என்றேன் நான். அந்தக் கதையைக் கேட்கத்தான் அம்மா வந்திருந்தார்!

மணலில் எழுதிய ஜெர்மானியர்

1706-ம் ஆண்டு ஜூலை மாதம் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். டென்மார்க் மன்னர் அவர்களைக் கிறிஸ்தவ சமயப் பணிக்காக அனுப்பியிருந்தார். ஒருவர் பெயர் சீகன்பால்க். மற்றவர் புளுட்சோ. சீகன்பால்குக்கு அப்போது ஏறக்குறைய 24 வயது.

ஊர் மக்களோடு பேச வேண்டுமானால் தமிழ் தெரிய வேண்டும். யார் சொல்லித் தருவது? அகராதி இல்லை. இலக்கணப் புத்தகமும் கையில் இல்லை.

சீகன்பால்க் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய வயதான வாத்தியாரை அழைத்தார். "உங்கள் பள்ளிக்கூடத்தை என் வீட்டிலேயே நடத்துங்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

சிறுபிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார்கள். சீகன்பால்கும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். அவரும் மணலில் விரலால் எழுதினார்!

சில ஆண்டுகளுக்குள் தமிழில் பேசவும் எழுதவும் தேர்ந்துவிட்டார். தமிழ் ஓலைச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். உலக நீதி, கொன்றை வேந்தன், நீதி வெண்பா ஆகியவற்றை 1708-ம் ஆண்டிலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் வீட்டுக் குழந்தைகள் படிக்கும் நீதி நூல்கள் அப்போதே ஐரோப்பியர் மொழிக்குப் போய்விட்டன!

எல்லாம் சுகமாக நடக்கவில்லை. உள்ளூர் டென்மார்க் கவர்னருக்கும் அவருக்கும் ஒத்துப் போகவில்லை. நாம் பார்த்தோமே, அதே கோட்டையில் சீகன்பால்க் நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டார்.

அச்சு வந்தது

இப்போது எழுத்துக் கதையின் முக்கியமான கட்டம்.

தமிழ் எழுத்து இந்தியாவில் முதலில் அச்சேறியது தரங்கம்பாடியில் அல்ல. 1578-ம் ஆண்டிலேயே கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற தமிழ் நூல் அச்சிடப்பட்டது. ஆனால் அந்தப் பழைய அச்சு வேலை பிறகு நின்றுபோய்விட்டது.

தரங்கம்பாடியில் மறுபடியும் அச்சு உயிர் பெற்றது. அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. தமிழ் எழுத்துக்களை ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் வார்த்து அனுப்பினார்கள். 1713-ம் ஆண்டு அவை கப்பலில் வந்து சேர்ந்தன.

ஆனால் ஒரு சங்கடம். அந்த எழுத்துக்கள் மிகவும் பெரியவை. நாலு வரி அச்சடித்தாலே பக்கம் நிரம்பிவிடும் போலிருந்தது. காகிதமோ கப்பலில் வர வேண்டும். கிடைப்பது அருமை. என்ன செய்தார்கள்? தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்துக்கொண்டார்கள். பக்கத்திலுள்ள பொறையாற்றில் காகிதம் செய்யவும் பட்டறை போட்டார்கள்.

1715-ம் ஆண்டு தமிழில் பைபிளின் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது.

ஓலையில் எழுதிய காலத்தில் ஒரு நூலை ஒருவர் உட்கார்ந்து நாள் கணக்கில் நகல் எடுக்க வேண்டும். அது வசதியுள்ளவர் வீட்டுப் பரணில் இருக்கும். அச்சு வந்தபின் ஒரே நூல் நூறு பேர் கைக்குப் போனது. எழுத்து எல்லோருக்கும் பொதுவாயிற்று. இன்று டீக்கடையில் நாலு பேர் ஆளுக்கொரு தாளாகப் பேப்பரைப் பிரித்துப் படிக்கிறோமே, அந்த வழியில் தரங்கம்பாடியும் ஒரு படிக்கட்டு.

சீகன்பால்க் 1719-ம் ஆண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 36-தான். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-ம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் வாழ்ந்த வீட்டில் 2017-ம் ஆண்டு முதல் காட்சிசாலை நடக்கிறது. அச்சுக் கதையை அறிய விரும்புகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

நடந்தே பாருங்கள்

ஊருக்குள் வண்டி வேண்டாம். நடந்து போங்கள்.

மேற்கே ஊர் வாசல் இருக்கிறது. வெள்ளையாக, உயரமாக நிற்கிறது. 1792-ம் ஆண்டு கட்டியது. மேலே டென்மார்க் அரச முத்திரை. அந்த வாசலைத் தாண்டினால் ராஜா வீதி. "கிங்ஸ் ஸ்ட்ரீட்" என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். பெரிய தூண்களும் அகலமான தாழ்வாரமும் கொண்ட பழைய வீடுகள் இருபுறமும் இருக்கின்றன.

அதே வீதியில் சீயோன் ஆலயம். 1701-ம் ஆண்டு கட்டியது. கொஞ்ச தூரத்தில் பள்ளிவாசல். கடலோரம் சிவன் கோவில். மூன்றையும் அரை மணி நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம்.

காலை பத்து மணிக்குமேல் வெயில் சுடும். வயதானவர்களோடு போகிறவர்கள் குடை கொண்டு போங்கள். அம்மா ராஜா வீதியில் ஒவ்வொரு திண்ணையிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வீட்டில், "உட்காருங்க ஆத்தா" என்று செம்பில் தண்ணீரும் கொடுத்தார்கள்.

ஊர் எப்படிச் சுருங்கியது?

இவ்வளவு பெரிய துறைமுகம் ஏன் இப்படி அமைதியாகிவிட்டது?

1845-ம் ஆண்டு டென்மார்க் இந்தியாவிலிருந்த தன் ஊர்களை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டது. தரங்கம்பாடியும் வங்காளத்திலுள்ள செராம்பூரும் சேர்ந்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்.

வாங்கியவர்களுக்கு இந்தத் துறைமுகம் தேவைப்படவில்லை. 1861-ம் ஆண்டு நாகப்பட்டினத்திலிருந்து ரெயில் ஓடத் தொடங்கியது. வியாபாரம் ரெயில் உள்ள இடத்துக்குப் போய்விட்டது. தரங்கம்பாடி மறுபடியும் மீனவர் ஊராயிற்று.

கடல் சீறிய நாள்

இந்த ஊரைப் பற்றி எழுதும்போது அந்த நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை சுமத்ரா அருகே கடலுக்கு அடியில் பெரும் பூகம்பம். இரண்டு மணி நேரம் கழித்து, யாரும் எதிர்பாராத வேளையில், சுனாமி அலை இந்தக் கரையில் ஏறியது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். தரங்கம்பாடி மீனவர் தெருக்களிலும் வீடு வீடாக அழுகுரல் கேட்டது.

கரையில் மீன் விற்ற அம்மாள் ஒருவரிடம் என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "இவ்வளவு நடந்தும் கடலுக்குப் போகப் பயமில்லையா, அக்கா?"

அவர் கூடையை இடுப்புக்கு மாற்றினார். "பயந்தான் தாயி. ஆனா சோறு போடுறதும் அதுதானே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நாளில் எச்சரிக்கை சொல்ல ஏற்பாடு இல்லை. இப்போது இருக்கிறது. 2007-ம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆயினும் கடற்கரைக்குப் போகும் ஒவ்வொருவரும் ஒன்றை மனதில் வையுங்கள். கடல் திடீரென்று உள்வாங்கித் தரை தெரிந்தால், கிளிஞ்சல் பொறுக்க ஓடாதீர்கள். மேட்டை நோக்கி ஓடுங்கள்!

ஓசோன் காற்று உண்மையா?

"தரங்கம்பாடியில் ஓசோன் காற்று வீசுகிறது. சுவாசித்தால் நோய் தீரும்" என்று பலர் சொல்வார்கள். இதை நம்ப வேண்டாம்.

ஓசோன் நமக்கு நன்மை செய்வது வானத்தில் வெகு உயரத்தில் இருக்கும்போது. அங்கே அது சூரியனின் தீய கதிர்களைத் தடுக்கிறது. தரைக்கு அருகில் ஓசோன் அதிகமானால் அது நுரையீரலுக்குக் கெடுதி.

அப்படியானால் இங்கே ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது? கடல் காற்று குளிர்ச்சியானது. புகை இல்லை. இரைச்சல் இல்லை. கையில் அவசர வேலையும் இல்லை! இவை போதாதா?

கவனிக்க வேண்டியவை

ஆழம் தெரியாத இடத்தில் கடலில் இறங்க வேண்டாம். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும். குழந்தைகளின் கையை விடாதீர்கள். இறங்கலாமா என்று மீனவர்களைக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அலை தடுக்கும் பாறைகள்மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டாம். பாசி வழுக்கும்.

கோட்டைச் சுவரில் பெயரைக் கிறுக்காதீர்கள். 400 ஆண்டுச் சுவர் அது. காகிதம், பிளாஸ்டிக் பைகளைக் கரையில் போடாதீர்கள். அவை மீனவர் வலையில்தான் போய்ச் சிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் புயலும் உண்டு. தை, மாசி மாதங்கள் நல்ல காலம்.

நேரம் மிஞ்சினால் வடக்கே பூம்புகார் போகலாம். அங்கே 1973-ம் ஆண்டு அமைத்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது. தெற்கே போனால் காரைக்கால். அம்மையார் கோவிலைத் தரிசித்து வரலாம்.

மாலை மணலில்

பொறையாற்றில் மீன் குழம்புச் சாப்பாடு. சிறிது ஓய்வு. நாலு மணிக்கு மறுபடியும் கரைக்கு வந்தோம்.

வெயில் தணிந்திருந்தது. ஈர மணல் பலகை மாதிரி விரிந்து கிடந்தது. என் மகள் தன் பெயரை இங்கிலீஷில் எழுதினாள்.

"தமிழில் எழுதக் கற்றுக் கொடு, அப்பத்தா" என்றாள். கேட்டது அவளாகத்தான். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அம்மாவால் சுலபமாகக் குனிய முடியாது. நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் பேத்தியின் விரலைப் பிடித்தார். "அ"வில் தொடங்கினார்.

"ழ"வில் வந்து குழந்தை தடுமாறினாள். எழுதி முடிப்பதற்குள் அலை வந்து அழித்துவிட்டது.

"போச்சு!" என்றாள்.

"போனால் என்ன? மறுபடி எழுது" என்றார் அம்மா.

மறுபடியும் எழுதினாள். ஐந்தாம் தடவையோ ஆறாம் தடவையோ "ழ" சரியாக வந்துவிட்டது. வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். மூன்றாம் முறை அடித்த பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், கடைத்தெருவுக்குப் போய்ச் சிறுவர் கதைப் புத்தகங்கள் வாங்கி வந்ததுதான். இப்போது இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் பேத்தி ஒரு பக்கம் படிக்கிறாள். பாட்டி ஒரு பக்கம் படிக்கிறார். யார் தடுமாறினாலும் மற்றவர் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுதான் சட்டம்!

அடுத்த முறை திருக்கடையூர் போனால் வேனை உடனே திருப்பிவிடாதீர்கள். தென்கிழக்கே கொஞ்ச தூரம்தான். பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்தே அழைத்துப் போங்கள்.